விரதக்காரருக்கு ஒரு கணவாய்க் கறி

"மச்ச மணம் மூக்கில பட்டாலே விரதம் முறிஞ்ச மாதிரித்தான். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு எல்லாரும் அங்காலை திரும்புங்கோ!"

ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் சிற்றம்பலம் போட்ட சத்தத்தில் முரசுமோட்டைக் கோலாட்டக் குழு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? விட்டபோது, யாக்கோப்பு வீட்டுக் குசினியில் கொதித்த கணவாய்க் கறியின் மணம் ஒரேயடியாக உள்ளே போனது.

லொறியில் ஊரூராகப் போய் ஆடிவந்த குழு அது. மறுநாள் வற்றாப்பளை அம்மன் கோயிலில் ஆட்டம். அதற்காக எல்லாரும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாமல் விரதம். இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைக்க, "கடல் பார்க்கவேணும்" என்று அண்ணாவியாரை நச்சரித்து முள்ளிவாய்க்காலுக்கு வந்துவிட்டார்கள். முரசுமோட்டைக்குக் கருவாடு கொண்டுவந்து நெல் மாற்றிப் போகிற யாக்கோப்பு, மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று பிடிவாதமாக அழைத்திருந்தார்.

ஆட வந்த பிள்ளைகளுக்குத் தனி அடுப்பில் சைவச் சமையல். ஆனால் அன்று விடிய வலையில் கணவாய் அள்ளுப்பட்டிருந்தது. யாக்கோப்பு வீட்டாருக்கு அதுதான் கறி. அவர்களுக்கென்ன விரதமா?

முதலில் கடல் பார்த்தார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த தவராசா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு யாக்கோப்பைக் கேட்டான்.

"இவ்வளவு தண்ணி நிக்குது. திறந்து விடுற துருசு எந்தப் பக்கம்?"

"கடலுக்குத் துருசு இல்லைத் தம்பி."

"அப்ப மாரியில நிரம்பி வான் பாய்ஞ்சு ஊர் தண்ணிக்குள்ள தாண்டு போகாதோ?"

யாக்கோப்பு தலையைச் சொறிந்தார். தவராசா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இந்தத் தண்ணிக்கு ஒரு நெல்லும் விளையாது."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவனேஸ்வரியும் சிரித்தாள். ஆனால் அவள் மனம் கடலில் இல்லை, சட்டியில் இருந்தது.

இது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காகப் பின்வரிசையில் நின்றவளுக்கு வற்றாப்பளையில்தான் முதல்முதலாக முன்வரிசை. விரதம் முறித்துவிட்டு அங்கே ஆடினால் அம்மாள் சும்மா விடமாட்டாள் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

சாப்பிட இருந்தார்கள். பருப்பு, பூசணிக்காய், கீரை. எல்லாம் நல்ல கறிகள்தான். ஆனால் காற்று குசினிப் பக்கமிருந்தல்லவா வீசுகிறது!

"கை கழுவிப்போட்டு வாறன்" என்று எழும்பிய சிவனேஸ்வரி, கிணற்றடிக்குப் போகாமல் குசினிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அக்கா, ஒரே ஒரு துண்டு."

யாக்கோப்பின் மனைவி கிறேஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "விரதமெல்லோ பிள்ளை?"

"ஓம் அக்கா. மணம் விடுகுதில்லை."

கிறேஸ் உடனே குசினிக்குள் திரும்பினாள். மூலையிலிருந்த சட்டியைத் திறந்து, கறுத்தக் குழம்பும் வெள்ளைத் துண்டுகளுமாக ஒரு அகப்பை அள்ளிக் கோப்பையில் விட்டாள். சிவனேஸ்வரி நின்ற நிலையிலேயே விழுங்கினாள். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அடடா, என்ன ருசி!

ருசி இறங்கியதும் பயம் ஏறியது. கேட்டவுடனே எடுத்துக் கொடுப்பதா? விரதம் என்று தெரிந்தும் தடுக்கவில்லையே, இவள் என்ன மனிசி! தன்மேல் வரவேண்டிய கோபம் அப்படியே கிறேஸ் மேல் போனது. தின்றவர்களுக்கு அது எப்போதும் வசதிதான்.

பின்னேரம் லொறி புறப்படும் நேரம் பார்த்துக் குழுவுக்குள் நோய் வருத்தங்கள் புகுந்துவிட்டன.

"எனக்குக் கால் சுளுக்கு, அண்ணாவியார். ஆடேலாது" என்றாள் நாகேஸ்வரி.

"எனக்கு வயித்துக்குத்து. கடல் தண்ணி குடிச்சனான்" என்றான் தவராசா.

"எனக்குப் பல்லுக்கொதி" என்றான் இன்னொருவன்.

"பல்லாலயோடா ஆடப்போறாய்?" அண்ணாவியார் மத்தளத்தைத் தொப்பென்று வைத்தார். "அப்ப நாளைக்கு ஆர்தான் ஆடுறது?"

சிவனேஸ்வரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஓவென்று அழுதாள். "நான் கணவாய் சாப்பிட்டிட்டன், அண்ணாவியார்!"

லொறியில் தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

"நானும்" என்றது சுளுக்கு.

"நானும்" என்றது வயிற்றுக்குத்து.

பல்லுக்கொதியும் மெல்லக் கையை உயர்த்தியது.

அண்ணாவியாரின் குடுமி அவிழ்ந்தே போயிற்று. "ஒரு நாள் நாக்கை அடக்கத் தெரியாத நீங்கள் அம்மாளுக்கு முன்னால கோலெடுக்கிறதோ? என்னைப் பாத்தாவது படிச்சிருக்க வேண்டாமோ? ஆட்டமும் இல்லை, ஒண்டும் இல்லை. லொறியை முரசுமோட்டைக்குத் திருப்பு!"

முன்வரிசையும் போயிற்று, பின்வரிசையும் போயிற்று. சிவனேஸ்வரி தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கிறேஸ் ஓடிவந்தாள்.

"பிள்ளையளை ஏசாதேங்கோ, அண்ணாவியார். அதுகள் திண்டது கணவாய் இல்லை. தேங்காய் வழுக்கல். கணவாய் மாதிரி வெட்டி, புதுச் சட்டியில, அதே தூள் போட்டுக் காய்ச்சினனான். இந்த மணத்துக்கு விரதக்காரர் தாங்கமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். இல்லையெண்டு கலைச்சிருந்தா, நான் அங்கால திரும்ப மற்றச் சட்டிக்குள்ள கைவிட்டிருப்பியள்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா!" என்றாள் சிவனேஸ்வரி, கண்ணைத் துடைத்தபடி.

"சொல்லியிருந்தா ருசிச்சிருக்குமோ?"

சுளுக்குக் கால் துள்ளிக் குதித்தது. லொறி அதிரக் கோல்கள் தட்டுப்பட்டன. அண்ணாவியார் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றார். பிறகு கீழே இறங்கி, கிறேஸின் பக்கத்தில் போய், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி... அது மூலைச் சட்டியோ, அடுப்புச் சட்டியோ?"

"மூலைச் சட்டிதான், அண்ணாவியார்" என்றாள் கிறேஸ், லொறிக்கே கேட்கும்படி. "நீங்கள் கடைசியா வந்து வழிச்சுத் துடைச்சதும் அதுதான். பயப்பிடாமல் ஏறுங்கோ."