முதலில் ஏற்றியது யார்?

"சொல்லுங்கண்ணே, அன்னைக்கு வெள்ளைக் கொடிய முதல்ல ஏத்துனது யாரு? நாங்களா, இவங்களா?"

கேட்டவர் சரிதா. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வடகிழக்கு மூலையில் ஒரு மலை மாநிலத்தில் பெரிய அரசு அதிகாரி. "இவங்க" என்று அவர் கை காட்டிய ஆள், அதே மலையில் தனிநாடு கேட்டு முப்பது வருடம் துப்பாக்கி தூக்கிய படையின் தளபதி. நரைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பேரும் மேச்சேரிக்கு வெளியே, மாதையன் வீட்டு வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாதையனுக்கு இது கனவோ என்று சந்தேகம். யாருக்கும் தெரியாமல் தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான். வலித்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. எதிரே மரவள்ளிக் காட்டின் மேல் உச்சிவெயில் அலையலையாக நடுங்கியது. அது அவன் கண்ணுக்கு அந்த மலைப்பனி மாதிரியே தெரிந்தது. ஊர் திரும்பி இத்தனை மாதமாகியும் அந்தப் பனி அவனை விட்டுப் போகவில்லை.

போன வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு, கூட நான்கு ஆட்களுடன் அங்கே போயிருந்தான். ஒரு மலைக் கிராமத்துக்குக் குடிதண்ணீர் போர் போடும் வேலை. கிராமத்துக்கு ஒரு பக்கச் சரிவில் ராணுவம், மறு பக்கச் சரிவில் இந்தத் தளபதியின் படை. மூன்று நாள் தலைக்கு மேல் குண்டு பறந்தது. நான்காம் நாள் விடியலில், பள்ளமெல்லாம் பனி நிறைந்து கிடக்க, பனிக்கு மேலே வெள்ளையாக ஒரு கொடி மட்டும் வெயிலில் தெரிந்தது. அவர்கள் ஏற்றியது என்று இவர்கள் சுடுவதை நிறுத்தினார்கள். இவர்கள் ஏற்றியது என்று அவர்கள் நிறுத்தினார்கள். இரண்டு படையும் பின்வாங்கிப் போய், பேச்சுவார்த்தை தொடங்கியது. பதினோரு மாதமாக ஒரு வெடிச் சத்தம் இல்லை.

"ஒப்பந்தம் ரெடிண்ணே. முதல் வரியிலதான் தகராறு" என்றார் சரிதா. "சமாதானம் கேட்டு முதல்ல கொடி காட்டுனது அவங்கன்னு ரெண்டு பேரும் சொல்றோம். காட்டுனவன் தோத்தவன்னு ஆயிடுது இல்ல? அங்க இருந்த வெளியாளுங்க நீங்க அஞ்சு பேருதான். மத்த நாலு பேரும் வண்டிக்கு அடியில படுத்திருந்தோம், ஒண்ணும் பாக்கலன்னுட்டாங்க. நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கிறோம்னு ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்திருக்கோம்."

"நான் ஒரு பக்கத்தச் சொன்னா என்னாவுமுங்க?"

சரிதா ஒப்பந்தக் காகிதத்தை மூடி மடியில் வைத்தார். "அந்தப் பக்கம் எந்திரிச்சுப் போயிடும். அப்புறம் பழையபடி சுட வேண்டியதுதான்."

அந்தக் கிராமத்து ஜனங்கள் மாதையன் கண் முன்னால் வந்து நின்றார்கள். மூன்று நாளும் தங்கள் பங்குச் சோற்றை ரிக் ஆட்களுக்கு அள்ளிப் போட்டவர்கள். சண்டை நின்ற பிறகு அவன் போட்ட போரில் தண்ணீர் வந்தபோது, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள். மறுபடி குண்டு பறந்தால் முதலில் விழுவது அவர்கள் கூரை மேல்தான்.

"பயப்படாதீங்க, உள்ளதைச் சொல்லுங்க" என்றார் தளபதி இந்தியில்.

ஊர் ஊராக ரிக் ஓட்டிக் கற்ற இந்தியிலேயே மாதையன் பதில் சொன்னான். "ரெண்டு பேருந்தாங்க. அந்தச் சரிவுல ஒண்ணு, இந்தச் சரிவுல ஒண்ணு. ரெண்டு கொடியும் ஒரே நேரத்துல ஏறுச்சு. பனியில உங்களுக்கு எதுத்தாப்பல இருந்தது மட்டும் தெரிஞ்சிருக்கும். நடுவுல நின்ன எனக்கு ரெண்டும் தெரிஞ்சுது."

"நான் உத்தரவே போடலையே!" என்றார் தளபதி.

"எங்க பக்கமும் யாரும் போடல" என்றார் சரிதா.

"மூணு நாளாத் தூங்காத பசங்க உத்தரவு கேட்டா ஏத்துவாங்க?" என்றான் மாதையன்.

தளபதி டம்ளரைக் கீழே வைத்தார். செம்மறி ஆடு ஒன்று வந்து அதை முகர்ந்தது. அவர் விரட்டவில்லை. "எவனோ ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவனோ ஒருத்தன் வீட்டை நினைச்சிருப்பான்."

"எங்க பக்கத்துலயும் ஒருத்தன்" என்றார் சரிதா மெல்ல.

முதல் வரியை அங்கேயே எழுதினார்கள். 'இரு தரப்பு வீரர்களும் ஒரே நேரத்தில் சமாதானத்தை விரும்பினர்.' தளபதி அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சரிதாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதையனைக் கட்டிக்கொண்டார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

உள்ளேயிருந்து அவன் மனைவி சௌந்திரம் வந்தாள். "ஏனுங்க, இந்தியில அப்படி என்னத்தச் சொன்னீங்க? அந்தப் பெரியவரு கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போறாரு."

மாதையன் தமிழில் சொன்னான்.

"அட சாமி! ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயா? யாருங்க அந்தப் புண்ணியவானுங்க?"

கார் திருப்பம் தாண்டி மறைந்துவிட்டதா என்று மாதையன் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எந்தப் பக்கமும் எவனும் ஏத்தல புள்ள. அன்னைக்கு அமாவாசை. சண்டை நடக்குதுன்னு வண்டிக்குப் பூசை போடாம உட முடியுமா? தலைக்குக் குளிச்சு ஈர வேட்டியோட பூசை போட்டேன். கீழ பாத்தா ஒரே சேறு, மேலதான் வெயிலு. அவுத்துப் புழிஞ்சு, கயித்துல கட்டி, ரிக்கு கம்பத்து உச்சியில காயப்போட்டேன்."