மூன்றாவது பாட்டின் விசில்

"நம்ம போன ஆல்பத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்ட அதே விமர்சகர்தான், கேளுங்க!" ஃபாஸ்தோ கைபேசியைப் பார்த்து வாசித்தான். "'மூவரின் சிந்தசைசர்களும் நன்று. ஆனால் மூன்றாவது பாட்டில் ஏங்கி அடங்கும் விசில்தான் ஆல்பத்தின் உயிர். வாசித்த மேதை யார்?'"

பாடகி நயேலி தலையில் கை வைத்தாள். "அவர் பேரை அட்டையில போடவே இல்லையேடா!"

"அனுமதியே கேக்கல, இதுல பேர் வேறயா?" என்றாள் பெரெனிஸ். "இப்ப வருவார். கால்ல விழுந்துடலாம்."

தெருமுனையில் அதே விசில் ஏங்கி அடங்கியது. மூவரும் செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கும் வண்டியின் விசில் குழாயில் ஆவியைத் திறந்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டபடி நின்றிருந்தார் வண்டிக்காரர்.

"அண்ணே, பாட்டு பதியும்போது ஜன்னலைச் சாத்த மறந்துட்டோம். உங்க விசிலும் பதிஞ்சிடுச்சு. நல்லாருக்கேன்னு விட்டுட்டோம். இப்ப மெக்சிகோவே கொண்டாடுது!" நயேலி விமர்சனத்தைப் படித்துக் காட்டினாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அன்னைக்கு உங்க வாசல்ல கால் மணி நேரம் ஊதினேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னைக்காவது மேதைகிட்ட கிழங்கு வாங்குவீங்களா?"