ஊர்வல வண்டியின் கேம்ஷாஃப்ட்

கேம்ஷாஃப்ட் இரண்டையும் கோணிமேல் போட்டுவிட்டு, எது வேண்டும் என்று அமீரிடம் இன்னொரு முறை கேட்டான் மெக்கானிக் செங்கல்வராயன்.

ஒன்று வண்டியோடு வந்தது. இன்ஜின் வால்வைத் தூக்கித் திறக்கிற மேடெல்லாம் தணிந்து சாதுவாகக் கிடந்தது.

மற்றது, சோழவரத்தில் பந்தயம் ஓட்டுகிற ஒருத்தரிடம் அமீர் ஆசைப்பட்டு வாங்கியது. அதன் மேடுகள் துருத்திக்கொண்டு நிற்கும். வால்வை அகலத் திறந்து, இன்ஜினுக்கு வயிறு முட்டத் தீனி போடும்.

அதைப் பூட்டின பிறகு, வெள்ளைக்காரன் விட்டுப்போன அமீரின் திறந்த கார் மாமல்லபுரம் ரோட்டில் பறந்தது. சவுக்குத் தோப்பெல்லாம் பின்னால் ஓடும். அமீருக்கு அதுதான் உயிர்.

மெதுவாகப் போகச் சொன்னால் மட்டும் அதற்கு ஆகாது. இருமும், குலுங்கும், பொட்டென்று அணைந்துவிடும்.

அமீருக்குச் சோறு போடுவதோ கல்யாண ஊர்வலம். பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவன் நடைக்கு வண்டி ஊர்ந்தாக வேண்டும்.

முதன்முதலாக அது நின்றது அமீரின் அண்ணன் ஷஃபியுல்லா கல்யாணத்தில்தான். சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் நின்றது. பள்ளிவாசல் முனையில் நின்றது. செங்கல்வராயனும் கூடப் போய்த் தள்ளினான். பேண்டுக்காரன் கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளினான். முக்காட்டுக்குள்ளிருந்து மணப்பெண் சிரித்த சிரிப்பு, தள்ளினவர்கள் காதுக்கெல்லாம் கேட்டது. அப்படி ஒரு ஊர்வலத்தை அப்புறம் செங்கல்வராயன் பார்க்கவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் ஷஃபியுல்லா காய்ச்சலில் போய்விட்டான்.

வழியில் வண்டி நின்ற சகுனம் என்று ஊர் பேசியது.  அமீர் ஷாஃப்டை மாற்றவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து இன்ஜினைக் கழட்டுவாங்களா என்று மாற்றச் சொன்ன செங்கல்வராயனைத்தான் கேலி செய்வான். ஊர்வலக்காரர்கள் வேறு வண்டி பார்க்க ஆரம்பித்தும் அசையவில்லை.

இன்று காலை அவனே வந்து கழற்றச் சொன்னான். நாளைக்கு ஒரு கல்யாண ஊர்வலமாம். யார் வீடு என்று சொல்லவில்லை.

“பழசயே மாட்டு அண்ணாத்த. நாளைக்கு எங்கியும் நிக்கக்கூடாது.”

செங்கல்வராயன் சிரித்தான். “நான் தலப்பாடா அடிச்சிக்கினேன், கேக்கல. இப்ப யாருக்கு பாய் இந்த மரியாத? பொண்ணு யாரு?”

அமீர் பந்தய ஷாஃப்டை எடுத்து, அதன் மேடுகளைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு எழுந்துபோய், பட்டறை மூலையில் இருந்த பழைய இரும்புக் குவியலில் அதைப் போட்டான்.

“எங்க அண்ணிதான்” என்றான்.