குழாய்ச் சாமி

சாமி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. வேப்பமரத்தடிக் கல் பெஞ்சில் சாய்ந்து, முழ நீளக் குழாயை வாயில் வைத்து, பொழுது போவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் புகை விட்டுக்கொண்டிருந்தார். எதிரே துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் இருமக்கூடப் பயந்தார்கள்.

உண்மையில் சாமியின் பெயர் சசிதரன். காப்பீட்டு அலுவலகத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னமனூர் வீட்டில் புகை என்றாலே மனைவி பத்ரகாளி ஆகிவிடுவார் என்பதால், ஓடைப்பட்டிக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டர் அங்கே வந்து நின்றுவிடும்.

அந்தப் புகைக்குழாய், அதாவது பைப், அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. சிகரெட்டெல்லாம் அவசரக்காரன் சமாச்சாரம் என்பது சசிதரனின் கட்சி. இதில் புகை அவ்வளவு நீளத் தண்டில் நடந்து வந்து சேர்வதற்குள் சூடு ஆறிவிடும். புகையிலையை அடைக்க, அமுக்க, பற்றவைக்க, அணைந்தால் மறுபடி பற்றவைக்க என்று ஒரு மாலைப்பொழுதையே தின்றுவிடும். காலமெல்லாம் ஃபைல்களோடு மாரடித்தவருக்கு அந்தச் சோம்பல்தான் சொர்க்கம்.

சுருட்டுப் பிடித்தபடி குறி சொல்லும் சாமிகளை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இவருக்கோ சோம்பலில் வளர்ந்த தாடி, மலைக்காற்றுக்குப் போர்த்திய காவி நிறச் சால்வை, சுகத்தில் மூடிய கண்கள். போதாதா?

பக்கத்துத் தோட்டத்துச் சீனிச்சாமிதான் முதலில் வந்தார். "சாமி, மழை வருமா?" என்று கேட்டார். நிம்மதியாகப் புகைக்க விடமாட்டேன் என்கிறானே என்ற எரிச்சலில், சசிதரன் வாயைத் திறக்காமல் மேகமலைப் பக்கம் புகையை ஊதினார். மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது.

அதன்பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாம் ஆம்பளைகள். வீட்டுப் பெண்கள் எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார்கள். கிளம்பும்போது ஒவ்வொருவரும் குனிந்து, "சட்டையில ஒரு ஊது ஊதிவிடுங்க சாமி" என்று கேட்டு, அந்த வாசனைப் புகையை வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

'புகையைப் போய்ப் பிரசாதமா வாங்குதே இந்த வெள்ளந்திச் சனம்!' என்று சசிதரன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ஆனாலும் அந்தக் கும்பிடு அவருக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்தில் பியூன்கூட அவரைப் பார்த்து எழுந்து நின்றதில்லை.

இன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு பெண் வந்திருந்தாள். சீனிச்சாமியின் மனைவி நாகஜோதி.

"சாமி, எங்க வீட்டுக்காரக தெனமும் உங்க பெருமையத்தான் பேசுறாக. அதான் நானே வந்துட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "திராட்சைக் கொடியப் பூராம் வெட்டிட்டு டிராகன் பழம் போடச் சொல்றான் எந் தம்பி. இவுக வேண்டாங்கிறாக. நீங்க தலைய ஆட்டுனாப் போதும், நாளைக்கே வெட்டிப்புடுவேன்."

பக்கத்துத் தோட்டத்தில் பந்தல் நிறையப் பன்னீர் திராட்சைக் கொடி. அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவதே அதுதான். சசிதரனுக்குத் திடுக்கிட்டதில் புகை புரையேறியது. இருமல் குலுக்கிய குலுக்கலில் தலை நாலு தரம் மேலும் கீழும் ஆடிவிட்டது.

"உத்தரவாயிருச்சு!" நாகஜோதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தம்பிக்குப் போனு போட்டுச் சொல்லிட்டு வந்துர்றேன். இங்கன டவர் கெடைக்காது" என்று தோட்டத்து வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

சசிதரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். உண்மையைச் சொன்னால் இந்தக் கூட்டம் அவரை இதே வேப்பமரத்தில் கட்டிவைத்துத் தோலை உரித்துவிடும். உயிர் தப்பினாலும், அப்புறம் இந்த அறை ஏது, பைப் ஏது? பாவி மனுஷன் பந்தலைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

சட்டென்று எழுந்தார். "எல்லாரும் கேளுங்கப்பா! நான் சாமியே இல்ல. ரிட்டையர்டு மேனேஜர். எனக்கு மழையும் தெரியாது, மண்ணும் தெரியாது. நிம்மதியா பைப் குடிக்கத்தான் இங்கன வாரேன். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க, அந்தக் கொடிய மட்டும் வெட்ட விட்றாதீங்க!"

ஒருவரும் அசையவில்லை. சீனிச்சாமி மட்டும் துள்ளியெழுந்து ஓடிவந்தார். அடி விழப்போகிறது என்று சசிதரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விழுந்தது அடியில்லை, வாயைப் பொத்திய ஒரு கைதான்.

"சத்தம் போடாதீங்க சார்!" என்று வாசல் பக்கம் பார்த்தபடியே கிசுகிசுத்தார் சீனிச்சாமி.

சார் என்றதும் சசிதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கொடிய எவன் வெட்ட விடுவான்? அவளையும் அவ தம்பியையும் நான் பாத்துக்கிறேன். நீங்க சாமி இல்லேன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும்."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சசிதரன் மெல்லக் கையை விலக்கினார்.

"தெரிஞ்சுமாய்யா தெனம் வந்து கும்பிடுறீங்க?"

"பின்னே? சாமி ஊதுன புகைன்னு சொல்லலேன்னா, பீடி நாத்தத்தோட எங்கள எவ சார் வீட்டுக்குள்ள விடுவா?"