தலைச்சனுக்கு மூன்றாம் பெயர்

பள்ளிவாசல் மோதினார் துல்காமித் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "குழந்தைக்கு என்ன பேருப்பா?" என்று கேட்டார்.

கூடத்துப் பாயில் அக்கம்பக்கத்து ஆண்கள் முப்பது பேர். நடுவில் கருப்பட்டி போட்ட சிவப்புக் கஞ்சியும் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கஞ்சியும் ஆறிக்கொண்டிருந்தன. பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். பெயரைச் சொல்லி துஆ ஓதிய பிறகுதான் யாரும் கஞ்சியில் கை வைக்கலாம்.

யத்னோவுக்கு வாயெல்லாம் பல். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்பாவாகியிருக்கிறான். பெயரை நேற்றே ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஒன்றாக ஒட்டியும் விட்டான். ஏகா வுலாந்தாரி. ஏகா என்றால் ஒன்று, தலைச்சன் பிள்ளை. வுலாந்தாரி என்றால் முழுநிலா.

அவன் மனைவி முர்யாத்தி உள்ளறை வாசலில், திரைக்குப் பின்னால், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா பார்த்தினி. அடுப்படி நிலைப்படியில் ஆறு வயது த்வி.

த்வி என்றால் இரண்டு. பார்த்தினி பெற்ற இரண்டாவது பெண்.

பிள்ளையில்லாத வீட்டில் உறவுக்காரர் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்தால் சொந்தப் பிள்ளை தானாக வரும் என்பது எங்கள் ஜாவா ஜனங்களின் நம்பிக்கை. தூண்டில் பிள்ளை என்று அதற்குப் பெயரே உண்டு. இரண்டு வயதில், பால்குடி மறந்த கையோடு, த்வி இங்கே வந்துவிட்டாள்.

இப்போது மீன் மாட்டிவிட்டது. ஊர் சும்மா இருக்குமா?

"இனிமே தூண்டில் எதுக்கு முர்? கொடுத்தவகிட்டயே கொடுத்துடு" என்று காலையில் கஞ்சி கிண்ட வந்த பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். த்வியின் காதில் விழுமே என்ற நினைப்பு ஒருத்திக்காவது இருந்ததா!

பார்த்தினியும் அதற்குத்தான் வந்திருந்தாள். பொல்லாதவள் இல்லை. சொந்தப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் என்பதுதான் பேச்சு, பெற்றவள் பேசினபடி கேட்கிறாள். மூன்று மணி பஸ்ஸுக்கு த்வியின் துணிமணிகளை மடித்துக் கட்டியும் ஆயிற்று.

முர்யாத்தியால் என்ன சொல்ல முடியும்? அன்றைக்குத் தலையை ஆட்டியவள் அவள்தானே.

கொஞ்சம் முன்னால் த்வி வந்து அவள் காதோடு கேட்டாள். "ஏகான்னா ஒண்ணுதானேம்மா? நான்தானே மொதல்ல வந்தேன்?"

முர்யாத்தி பால் கொடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்கே போய்விட்டது.

கூடத்தில் யத்னோ தொண்டையைச் செருமினான். "ஏகா..."

"த்ரி" என்றாள் முர்யாத்தி.

ஆண்கள் துஆவுக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண்குரல். எல்லாத் தலைகளும் திரும்பின. அவளே திரையை விலக்கினாள்.

"த்ரி ரஹாயு. அதுதான் பேரு."

ரஹாயு என்றால் சௌக்கியம். த்வியின் முழுப்பெயர் த்வி ரஹாயு.

பாயில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பிள்ளை பெற்ற சூட்டில் புத்தி கலங்கிவிட்டதோ என்று யத்னோ பதறி எழுந்தான். மோதினார் கண்ணாடியைக் கழற்றினார்.

"த்ரின்னா மூணும்மா. தலைச்சனுக்குப் போய் யாராவது மூணுன்னு வைப்பாங்களா? ஒண்ணும் ரெண்டும் எங்க?"

"ஒண்ணு எங்க அக்கா வீட்ல இருக்கு." முர்யாத்தி அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். "ரெண்டு அதோ அடுப்படியில உக்காந்திருக்கு. இது மூணு."



யத்னோ பெண்டாட்டியைப் பார்த்தான். வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தான். நாலு வருஷம் தோளில் தூக்கித் திரிந்தவன் அல்லவா, அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"அவ சொன்னதுதான் பேரு, மோதினாரே. ஓதுங்க."

மோதினார் ஓதினார். த்ரி ரஹாயு என்ற பெயர் ஓதலுக்கு நடுவில் வந்தபோது முப்பது பேரும் ஆமீன் சொன்னார்கள்.

முர்யாத்தி அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. வாக்குத் தவறியதும் இல்லாமல் அத்தனை பேர் முன்னால் அக்கா வாயை அடைத்தாயிற்று. திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது, பிள்ளையை மட்டும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்த்தினி திட்டவில்லை.

தங்கையின் கையை வெடுக்கென்று இழுத்தாள். அதைத் தன் தொளதொள சட்டைக்கு அடியில், வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். அங்கே கெட்டியாக ஒரு மேடு.

"அப்போ இது நாலுடி" என்றாள். "பொறந்ததும் சொல்லியனுப்பறேன், தொட்டில் ஆட்ட ஒண்ணு மட்டும் போதாமத்தான் இவளைக் கேட்டு வந்தேன். ரெண்டைப் பத்து நாளைக்கு அனுப்பு. பத்தே நாள்தான், அப்புறம் உன் வீட்டுக்கே கொண்டாந்து விட்டுடறேன்."