ஸ்டாப் என்று பதில் அனுப்பவும்

போன் அதிர்ந்ததும் ஹார்லன் பாய்ந்து எடுத்தார்.

தெரியாத எண். பதறிப்போய்த் திறந்தார்.

‘ஹார்லன், உங்க கால்ல விழுந்து கேக்குறோம். இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதினஞ்சு டாலர். எங்களைக் கைவிட்டுடாதீங்க.’

தேர்தல் நிதி வசூல். இனி செய்தி வேண்டாம் என்பதற்கு ஸ்டாப் என்று அடித்து அனுப்பினார். இனி அனுப்ப மாட்டோம் என்று அந்தக் கணமே பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு எண்ணிலிருந்து வேறொரு வேட்பாளர் அழ ஆரம்பித்தார்.

எல்லாம் அவரே தேடிக்கொண்ட வினை. போன தேர்தலில், பள்ளிக்கூடங்களைச் சீர்படுத்துவேன் என்ற ஓர் அம்மாளுக்குப் பத்து டாலர் அனுப்பினார். அந்த அம்மாள் தோற்றார். தோற்றவர் சும்மா போகாமல் ஹார்லனின் எண்ணை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டுப் போனார். இப்போது அவர் இருக்கும் ஓஹையோ மாநிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஆட்கள்கூடப் பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். வசூலாகிற பணத்தில் பாதி, இன்னும் பத்து லட்சம் பேரிடம் கெஞ்சுவதற்கே போய்விடுகிறதாம். நல்ல பிழைப்பு.

“ஒரு வாரம் அதை அணைச்சு டிராயர்ல போடுய்யா. தேர்தல் முடிஞ்சா அவனுங்களுக்கு உன் பேரே மறந்துடும்!” என்று பக்கத்து வீட்டு லீராய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார்.

அணைக்க முடியாது. மகள் கோரினிடமிருந்து செய்தி வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தாள். புருஷன் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். தப்பி வெளியே வந்தால் வழியில் யாரிடமாவது போன் வாங்கிச் செய்தி அனுப்புவாள். உடனே வந்து கூட்டிப்போக வேண்டும். வீட்டுப் பக்கம் மட்டும் வரக் கூடாது, அவனிடம் துப்பாக்கி இருக்கிறது.

அன்றிலிருந்து ஹார்லன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்குள்ளும் பூட்ஸைக் கழற்றவில்லை. சோறு தண்ணி இறங்கவில்லை. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவள்தான் என்று பயந்தார், அவள் இல்லை என்றும் பயந்தார்.

மறுபடியும் அதிர்ந்தது. முந்தியது முடிவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று.

‘ஹார்லன், இதுதான் கடைசி எச்சரிக்கை.’ ஸ்டாப்.

‘ஹார்லன், எங்க மேல கோபமா?’ ஸ்டாப்.

‘ஹார்லன், ப்ளீஸ். நேரம் இல்லை. கைவிட்டுடாதீங்க.’ ஸ்டாப்.

எரிச்சலோடு எழுந்துபோய் சூப் டின்னைத் திறந்து சுட வைத்தார். பாதி கிண்ணம் முடிவதற்குள் மீண்டும் ஒரு செய்தி.

‘சரி, புரியுது. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க.’

எந்தக் கட்சியும் இதுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

கரண்டி கையிலேயே நின்றது. கோரின் அவர் பெற்ற பெண் அல்ல. மனைவியின் முதல் கல்யாணத்துக் குழந்தை. எட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள், அவரை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. ஹார்லன் என்றுதான் கூப்பிடுவாள்.

‘நேரம் இல்லை’ என்று வந்திருந்ததும் அதே எண்ணிலிருந்துதான். அந்த எண்ணை அழைத்தார். பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் இருக்கும் பெண் எடுத்தாள்.

“அந்தப் பொண்ணா சார்? உங்க பதிலைப் பார்த்துட்டு அவங்க வீட்டுக்காரரையே வரச் சொல்லிட்டாங்க. நல்ல மனுஷன், எனக்கு நன்றியெல்லாம் சொல்லிட்டு இப்பத்தான் கூட்டிட்டுப் போனாரு.”