மாடிக்குப் போய் வாசிம்மா

"இங்க வச்சு வாசிக்காதம்மா. மாடிக்கு எடுத்துக்கினு போய் வாசி. நாங்க கீழ நின்னு கேக்குறோம்."

சாமுண்டீஸ்வரி சொன்னதைக் கேட்டு, ஜமீலா குச்சிகளைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். கரையான்சாவடி மெயின் ரோட்டில் இந்த இசைக் கருவிக் கடையை ஆறு வருடமாக நடத்துகிறாள். டிரம்மை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கேட்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறாள்.

"கேக்குறவங்க எதிர்லதானேக்கா உக்காருவாங்க?"

"எங்களுக்கு மேலேருந்துதான் கேக்கும். நீ போ."

கூடவே வந்திருந்த கணவன் டில்லிபாபு, கிடார் பெட்டிகளின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன. நைட் ஷிப்ட் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து நேராக வந்திருந்தான்.

"வாசிக்கிறது அண்ணனா?" என்றாள் ஜமீலா.

"இவரா? இவருக்குக் கை தட்டவே வராது. வாசிக்கிறவருக்குத் தெரியாம வாங்கினு போவணும். பழசு வானகரத்தாண்ட ஆட்டோலேருந்து உருண்டு உழுந்து, பின்னாடி வந்த லாரி ஏறி அப்பளமாப் பூடுச்சி."

"முழு செட்டுமா?"

"இல்ல, நடுவுல நிக்குமே, தட்டுனா ஜர்ருனு கேக்குமே, அது மட்டும்."

"ஸ்னேர். எதுக்கு வாசிப்பாரு?"

"கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா. அப்பறம் தெனம் பகல்ல ஊட்டுல பிராக்டீசு. எல்லாத்துக்கும் ஒண்ணே ஒத்து வரணும். பன்னெண்டாயிரத்துக்கு மேல கீதுன்னா காட்டவே காட்டாத."

ஜமீலாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. பளபளவென்று மின்னிய ஸ்டீல் டிரம்மை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். மேலிருந்து இடி இறங்கியது.

டில்லிபாபு ஸ்டூலோடு துள்ளினான். "நெத்தியிலயே சுத்தியால அடிக்கிற மாதிரி கீது, சாமுண்டி!"

"வேணாம்மா, மாத்து!" என்று சாமுண்டீஸ்வரி மேலே பார்த்துக் கத்தினாள்.

அடுத்தது, ஒரு சாண் உயரம்கூட இல்லாத சின்ன டிரம். அது ஊசிப் பட்டாசு மாதிரி வெடித்தது. டில்லிபாபு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

ஜமீலா இறங்கி வந்தாள். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? கண்ணு இப்படி செவந்து கெடக்குதே?"

சாமுண்டீஸ்வரியின் குரல் இறங்கியது. "பத்து நாளா பொட்டுத் தூக்கம் இல்லம்மா. முந்தாநாளு பிரஸ் மெஷினாண்ட கண்ணு சொருகி அப்படியே சாஞ்சிட்டாரு. பக்கத்துல இருந்தவரு புடிச்சு இழுத்ததாலதான் அஞ்சு வெரலும் மிஞ்சிச்சு. சூப்பர்வைசரு, இன்னொரு தடவ இப்படின்னா ஊட்டுக்குப் போயிடுன்னு சொல்லிட்டாரு."

"டாக்டராண்ட காட்டலையா?"

"காட்டாம? மாத்திர போட்டா வண்டி ஓட்ட முடியல. வேலயாண்டயும் மந்தமாக் கீதுன்றாரு. அத உடு. வேற காட்டு."

ஜமீலா யோசித்தாள். பிறகு உள்ளேயிருந்து மரத்தால் ஆன ஒரு டிரம்மைத் தூக்கி வந்தாள். மற்ற இரண்டையும்விட ஆழமானது. தேன் நிறத்தில் இருந்தது.

"இது பிர்ச் மரம்க்கா. தோல இறுக்கினா கச்சேரி மேடைக்கு எடுப்பா இருக்கும். தளர்த்தினா ஊட்டுல வாசிக்க அடக்கமா, கும்முனு கேக்கும். கீழ இருக்கிற கம்பிச் சுருள தளர்த்தி உட்டா ஜர்ருங்கிற சத்தமே வராது. ஒண்ண வச்சே மூணு வேல வாங்கலாம். பதினோராயிரத்து எண்ணூறு."

"அந்தக் கும்முனு கேக்கறத வாசி."

ஜமீலா மாடிக்குப் போனாள். டிரம்மின் திருகுகளைத் திருப்பும் சாவியால் தோலைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக ஒரு தாளத்தை எடுத்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்கே பிடித்துவிட்டது. உருட்டினாள், நிறுத்தினாள், மறுபடி உருட்டினாள். 'வேணாம்' என்று கீழேயிருந்து குரல் வரவில்லை. இரண்டு பேரும் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாக இறங்கி வந்தாள்.

டில்லிபாபு கிடார் பெட்டியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஜமீலாவின் முகம் வாடிப்போனது. இத்தனை வருடத்தில் அவள் வாசித்து யாரும் தூங்கியதில்லை. "வேற ஒண்ணு காட்டட்டுமாக்கா? கொஞ்சம் ஜோரா..."

"உஷ்!" சாமுண்டீஸ்வரி உதட்டில் விரல் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது. "இதான். இதயே கட்டு. இந்தத் தோலு இப்ப எப்படிக் கீதோ அப்படியே இருக்கட்டும், ஒரு திருகுகூடத் திருகாத."

அவள் பணத்தை எடுத்து வைத்தாள். போனஸில் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றலாம் என்றிருந்தார்களாம், அது பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாமாம். ஜமீலா ஒன்றும் புரியாமலே டிரம்மைப் பையில் போட்டு, மேலே பரிசுப் பொருளுக்கு ஒட்டும் சிவப்பு ரிப்பனையும் ஒட்டினாள். குறட்டை இன்னும் நிற்கவில்லை.

"யாருக்குன்னு எழுதட்டும்க்கா? தம்பியா, மச்சானா?"

"எங்க சொந்தமே இல்லம்மா. மேல் ஊட்டு பார்த்தசாரதி சாரு. ரெண்டு வருசமா பகல்ல அவரு தட்டுற தட்டுலதான் இவரு கொறட்ட உட்டுக்கினு தூங்குவாரு. டிரம்மு போனதுலேருந்து அந்த மனுசன் டிரம்பெட் ஊதக் கத்துக்கினு கீறாரு!"